எங்கள் லயத்தை யார் படம் பிடிப்பது?

"இடியப்போற லயத்த எதுக்குப் புள்ள படம் புடிக்கிற? போயி அந்தப் புது வீட்டப் புடி. அதுதான் பாக்க லெச்சணமா இருக்கு."

இரண்டு வருடங்களுக்கு முன், ஒரு போயா தினத்தில், எங்கள் தோட்டத்து மேட்டு லயத்துப் பாட்டி இஸ்தோப்பில் உட்கார்ந்துகொண்டு என்னைக் கேட்ட கேள்வி இது. நான் கைத்தொலைபேசியைப் பிடித்தபடி எதிரே நின்றேன். அந்த லயத்தில் பன்னிரண்டு காம்பராக்கள். பாதிக் குடும்பங்கள் ஏழு பேர்ச் காணியில் கட்டிய தனி வீடுகளுக்குப் போய்விட்டன. மிச்சப் பேரும் போனபின் லயத்தை உடைத்துவிடுவார்கள் என்று பேச்சு.

நான் பக்கத்து லயத்தில் பிறந்தவள். அம்மா கொழுந்தெடுத்த சம்பளத்தில் பள்ளிக்கூடம் போய், பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்து, இன்று சமூக சேவையாளராக இதே அக்கரப்பத்தனைத் தோட்டங்களுக்குள் நடந்து திரிகிறேன். இருந்தும் பாட்டியின் கேள்விக்கு எனக்கு உடனே பதில் வரவில்லை.

லயம் போகத்தான் வேண்டும். அதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவில், ஒழுகும் தகரத்துக்குக் கீழே, அடுப்புப் புகையில் நாலு பரம்பரை வாழ்ந்தது பெருமைக்குரிய விஷயமல்ல. ஆனால் லயத்தோடு சேர்ந்து அதற்குள் வாழ்ந்தவர்களின் கதையும் போய்விட வேண்டுமா? நம் பிள்ளைகள் நாளை "நாங்கள் எங்கே இருந்தோம்?" என்று கேட்டால் எதைக் காட்டுவது?

பெயர் இல்லாத முகங்கள்

நம் ஊரைப் படம் பிடிக்க ஆளில்லை என்று சொல்ல முடியாது. உலகத்திலேயே அதிகம் படம் பிடிக்கப்பட்ட தொழிலாளிகளில் கொழுந்தெடுக்கும் பெண்ணும் ஒருத்தியாகத்தான் இருப்பாள். தேயிலைப் பெட்டியில் அவள் இருக்கிறாள், கலண்டரில் இருக்கிறாள், சுற்றுலா விளம்பரத்திலும் இருக்கிறாள். வெள்ளைக்காரன் காலத்திலேயே ஸ்கீன், ஸ்கோவன், பிளேட்டே போன்ற ஸ்டூடியோக்கள் தோட்டங்களைப் படமெடுத்து விற்றன. அந்தப் படங்கள் தபால் அட்டைகளாகக் கடல் கடந்தன. அவற்றில் துரைமாரின் பங்களாவுக்குப் பெயர் இருக்கும், தோட்டத்துக்குப் பெயர் இருக்கும். கூடையோடு நிற்கும் பெண்ணுக்குப் பெயர் இருக்காது.

பலருக்குத் தெரியாத ஒரு செய்தியைச் சொல்கிறேன். உலகப் புகழ்பெற்ற ஆரம்பகாலப் புகைப்படக் கலைஞர்களில் ஒருவர் ஒரு பெண். ஜூலியா மார்கரட் கமரன் என்று பெயர். 1815 இல் கல்கத்தாவில் பிறந்தவர். நாற்பத்தெட்டு வயதில்தான் முதன்முதலாகக் கமராவைக் கையில் எடுத்தார். 'பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள், இனி நமக்கென்ன' என்று ஒதுங்கிவிடும் நம் சகோதரிகள் இதைக் கவனிக்க வேண்டும். அவருடைய கணவர் சார்ள்ஸ் ஹே கமரன்தான் 1833 இல் இலங்கை நிர்வாகத்தை மாற்றியமைத்த கோல்புறூக் - கமரன் சீர்திருத்தத்தின் இரண்டாவது பெயருக்குரியவர். இந்தக் குடும்பத்துக்கு இலங்கையில் தோட்டங்கள் இருந்தன. 1875 இல் இங்கு குடிவந்த ஜூலியா 1879 ஜனவரியில் மலைநாட்டிலேயே காலமானார். எங்கள் மலைகளுக்கு அப்பால், பொகவந்தலாவை தேவாலய வளவில் அவரும் கணவரும் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்கள்.

அவர் இலங்கையில் எடுத்தவற்றில் முப்பதுக்கும் குறைவான படங்களே எஞ்சியுள்ளன. அழகான படங்கள்தான். ஆனால் ஒரு வித்தியாசத்தைப் பாருங்கள். இங்கிலாந்தில் அவர் எடுத்த டார்வினின் படமும் கவிஞர் டெனிசனின் படமும் பெயரோடு இருக்கின்றன. இங்கு எடுத்த ஒரு படத்தின் தலைப்போ 'களுத்துறைக் குடியானவர் குழு' என்ற அளவில் நின்றுவிடுகிறது. நிற்பது யார், எந்த ஊர், என்ன உறவு என்பதைப் படம் சொல்லவில்லை. எடுத்தவர் பெண், எடுக்கப்பட்டவர்களிலும் பெண்கள் இருந்தார்கள். இருந்தும் பெயர் எழுதப்படவில்லை.

அக்கரப்பத்தனையின் கதையும் அப்படியே. 'பத்தனை' என்றால் மலைப் புல்வெளி. ஹோட்டன் சமவெளிப் பக்கமிருந்து ஓடிவரும் ஆக்ரா ஓயாவின் ஓரத்துக் காட்டையும் புல்வெளியையும் தோட்டமாக்கியவர்கள் நம் முன்னோர். பெயர் வைத்தவர்கள் துரைமார். கிளாஸ்கோ, பெல்மோரல், வேவர்லி, டொரிங்டன், ஹோல்புறூக் என்று அவர்கள் நாட்டு நினைவெல்லாம் நம் தோட்டங்களின் பெயர்ப் பலகையில் இருக்கிறது. நம் ஆட்கள் வைத்த பெயர்கள், பணிய லயம், மேட்டு லயம், பத்துக் காம்பரா, தகர லயம் என்பவை, எந்தப் பலகையிலும் இல்லை. அவை வாயில் மட்டும் இருக்கின்றன. லயம் உடைந்தால் அந்தப் பெயரும் உடையும்.

நம் வீட்டுச் சுவரில் இருப்பவை

அன்றிலிருந்து வேலை முடிந்து கிடைக்கும் நேரத்தில் வீடு வீடாகப் போய், "பழைய படம் ஏதாவது இருக்கா அக்கா?" என்று கேட்கத் தொடங்கினேன். பெரும்பாலும் மூன்று வகைப் படங்கள்தான் வெளியே வந்தன. ஒன்று கல்யாணப் படம். இரண்டு, செத்த வீட்டுப் படம், அதாவது உயிரோடு இருக்கும்போது ஒரு படமும் எடுக்காதவரைப் பாடையோடு சாய்த்து, சுற்றி நின்று எடுத்தது. மூன்றாவது, பாஸ்போட் படம்.

இந்த மூன்றாவது வகைதான் நம் சரித்திரத்தின் சாவி. 1931 இல் சர்வசன வாக்குரிமை வந்தபோது நம் பாட்டிமாரில் பலரும் வாக்காளர்கள் ஆனார்கள். 1948 ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் அந்த நிலையைத் தலைகீழாக்கியது. நாடற்றவர்களானோம், வாக்கும் போனது. 1964 ஒக்டோபரில் செய்த சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டது. எஞ்சிய 150,000 பேரை 1974 இல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். விண்ணப்பிக்கவும் கப்பலேறவும் படம் வேண்டும். அதுவரை கமராவையே பார்த்திராத குடும்பங்கள் தலவாக்கலையிலும் ஹட்டனிலும் ஸ்டூடியோ வாசலில் வரிசையில் நின்றன. எத்தனையோ பெண்களுக்கு வாழ்க்கையின் முதல் படம், பிறந்த மண்ணை விட்டுப் போவதற்காக எடுத்த படம்.

மேட்டு லயத்துப் பாட்டிக்கும் அப்படி ஒன்று இருந்தது. அவரும் அவருடைய அக்காவும் சேர்ந்து நிற்கும் படம். அக்கா புருஷன் வீட்டாருக்கு இந்தியா கிடைத்தது. பாட்டியின் புருஷன் வீட்டாருக்கு இலங்கை கிடைத்தது. பாஸ்போட் படம் எடுக்க அக்கா தலவாக்கலைக்குப் போனபோது தங்கச்சியும் கூடப் போனாராம்.

"'ஒரு படம் நாம ரெண்டு பேரும் எடுத்துக்குவோம்டி'ன்னு அக்காதான் சொன்னிச்சி. கையில இருந்த காசு ஒரு கொப்பிக்குத்தான் காணும். அத எங்கிட்டயே குடுத்திட்டுப் போயிருச்சி. 'ஒனக்குத்தான் நெனப்பு கூட, நீ வச்சிக்க'ன்னிச்சி."

அக்கா தலைமன்னாருக்குப் போகும் கோச்சியில் ஏறினார். ஸ்டேசன் முழுக்க அழுகுரல் கேட்டதால் அந்த வண்டியை நம் பெரியவர்கள் 'ஒப்பாரிக் கோச்சி' என்றார்கள். அதன் பிறகு இரண்டு பேரும் பார்த்துக்கொள்ளவே இல்லை.

நான் செய்த தவறு

அந்தப் படம் கண்ணாடிச் சட்டத்துக்குள் அடுப்புப் பக்கச் சுவரில் மாட்டியிருந்தது. புகையும் மழை ஈரமும் சேர்ந்து பூஞ்சணம் பூத்து, படம் கண்ணாடியோடு ஒட்டிப்போயிருந்தது. "கழற்றித் துடைத்துத் தருகிறேன் பாட்டி" என்று நானாகச் சொன்னேன். பின்பக்கத் தகட்டை எடுத்து, ஓரத்தைப் பிடித்து மெல்ல இழுத்தேன். படம் வந்தது. ஆனால் அக்காவின் முகம் வரவில்லை. அது கண்ணாடியிலேயே தங்கி, தூளாக உதிர்ந்தது.

இழுக்கும் முன் கைத்தொலைபேசியில் ஒரு பிரதி எடுத்தேனா? இல்லை. ஊர் முழுக்கப் படம் எடுத்துத் திரிந்தவள் அந்த ஒன்றை எடுக்கவில்லை.

பாட்டி என்னைத் திட்டவில்லை. கொஞ்ச நேரம் வெள்ளையாகிப்போன இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "விடு புள்ள, எனக்குத்தான் மொகம் தெரியுமே" என்றார். அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. பாட்டி இருக்கும்வரை அந்த முகம் இருக்கும். அதற்குப் பிறகு?

இடியப்போகும் லயத்தை எதற்குப் படம் பிடிக்கிறாய் என்ற கேள்விக்கு எனக்குப் பதில் கிடைத்தது அப்போதுதான். ஒருவருக்கு மட்டும் தெரிந்திருப்பது அவரோடு போய்விடும். பத்துப் பேருக்குத் தெரிந்தால் அது ஊருக்குச் சொந்தமாகும்.

பீலிக்கரையில் ஒரு படம்

அதன்பின் நான் படம் எடுக்கும் முறையையே மாற்றிக்கொண்டேன். ஆரம்பத்தில் வெளியார் போலவே பனி மூட்டத்தையும் பச்சை மலையையும் எடுத்தேன். கொழுந்து மலையில் படங்கு கட்டி, கொங்காணி போட்டு, மழையில் நனைந்து நின்ற ஓர் அக்காவைக் கேட்காமல் எடுத்து, 'அழகு' என்று சிலருக்கு அனுப்பியும் விட்டேன். அந்த அக்கா என்னைத் தேடி வீட்டுக்கே வந்துவிட்டார். "கிழிஞ்ச படங்கோட என்னய ஊருக்கெல்லாம் காட்டுறியே தங்கச்சி, வெள்ளைக்காரன் எடுத்தா தெரியாம எடுத்தான்னு சொல்லலாம். நீ எங்க புள்ளதான?" என்று கேட்டார். மன்னிப்புக் கேட்டேன், படத்தை அழித்தேன். "எப்படி எடுக்கட்டும், நீங்களே சொல்லுங்க அக்கா" என்றேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குக் கட்டும் சேலையோடு வந்தவர் என்னைப் பீலிக்கரைக்குக் கூட்டிப்போனார். "மலையில எல்லாரும்தான் எடுக்கிறாங்க. இங்க எடு. முப்பது வருசமா விடியக் கருக்கல்ல கொடத்தோட இங்கதான் நின்னேன். ஒருத்தரும் எடுக்கல." உண்மைதான். பெண்ணின் வேலை மலையோடு முடிவதாகக் காட்டும் படங்கள்தான் உலகத்தில் இருக்கின்றன. விடிவதற்கு முன் பீலித் தண்ணீர், அடுப்பு, ரொட்டி, பிரட்டுக்கு ஓட்டம், இருட்டியபின் விறகு என்று நீளும் மீதி நாளுக்குப் படமில்லை.

ஆகவே அவற்றையே எடுத்தேன். எடுக்கும்போதே கேட்டு எழுதினேன். பிரட்டுக்களத்தில் நின்ற அம்மாமார், அங்கு பிந்திப் போனதற்காக வேலை கிடைக்காமல் திரும்பிய நாட்களைச் சொன்னார்கள். கொழுந்து நிறுக்கும் மடுவத்தில், 1984 வரை ஒரே நாள் வேலைக்கு ஆணைவிடப் பெண்ணுக்குச் சம்பளம் குறைவாக இருந்ததை நினைவுபடுத்தினார்கள். இதைக் கேட்ட இளம்பிள்ளைகள் நம்பவே இல்லை. பிள்ளைக் காம்பராவின் பழைய தொட்டில் கொக்கி, கவ்வாத்துக்கு முன் சாமி கும்பிடும் கல், ஸ்டோருக்குள் ரோதைமுனிக்கு வைத்த விளக்கு, மாசி மாதம் காமன் கூத்து ஆடும் திடல் என்று ஒவ்வொரு படத்துக்கும் கதை சொல்ல ஆளிருந்தது.

கயிற்றில் தொங்கிய சரித்திரம்

தலவாக்கலையில் ஐம்பது படங்களைக் கழுவி எடுத்தோம். ஒரு போயா நாளில் பிள்ளைக் காம்பராவுக்குள் கொடிக்கயிறு கட்டி, துணி காயப்போடும் கிளிப்பால் மாட்டினோம். பக்கத்தில் வீடுகளில் கிடைத்த பழைய படங்களின் பிரதிகள். கீழே வெள்ளைத்தாளும் பென்சிலும். 'தெரிந்தவர் பெயரை எழுதுங்கள்' என்பது மட்டுமே எங்கள் அறிவித்தல்.

இருபது பேர் வந்தால் போதும் என்று நினைத்தோம். மூன்று லயத்து ஆட்களும் வந்துவிட்டார்கள். "இது எங்க அம்மாயி!" என்று ஒரு பிள்ளை கத்தியது. பழைய திருவிழாப் படமொன்றில் காவடி தூக்கியது யார் என்று இரண்டு தாத்தாமார் சண்டை பிடித்தார்கள். பின்னால் மூக்குத்தியோடு நிற்பது தன் மாமியார் என்றும், மாமியார் செத்தது மூத்தவன் பிறந்த வருஷம் என்றும் சொல்லி ஓர் அம்மா சண்டையைத் தீர்த்து வைத்தார். படத்தின் வருஷமும் அதனால் கிடைத்தது. பெண்கள் வருஷத்தை இலக்கத்தில் சொல்வதில்லை, பிள்ளைப்பேற்றை வைத்துத்தான் சொல்கிறார்கள் என்பதை அன்று கண்டேன். எந்தப் புத்தகமும் எனக்கு இதைச் சொல்லித்தரவில்லை.

"லயத்தக் காட்டினா நமக்குத்தான கேவலம்" என்று ஓர் இளைஞர் வாதிட்டார். அது நியாயமான கோபம். அவருக்குப் பாட்டியே பதில் சொன்னார். "கேவலம் கட்டிக் குடுத்தவனுக்கு. அதுக்குள்ள இருந்து ஒங்கள ஆளாக்குனது எங்களுக்குக் கேவலமாய்யா?"

இந்தச் சிந்தனை நமக்குப் புதிதுமல்ல. றம்பொடைப் பக்கம் பழைய பீகொக் தோட்டத்தில், பழைய லயம் ஒன்றையே தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகமாக 2007 இல் மாற்றினார்கள். கண்டியிலுள்ள சமூக அபிவிருத்தி நிறுவகத்தின் முயற்சி அது. 2023 இல் மலையகத்தின் இருநூறு வருடங்களை நினைத்து நம்மவர்கள் தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை நடந்தார்கள். அவை பெரிய முயற்சிகள். ஆனால் எல்லா லயத்தையும் அருங்காட்சியகம் காப்பாற்றாது. நம் லயத்தை நாம்தான் காப்பாற்ற வேண்டும்.

தாமதிக்கவும் நேரமில்லை. 2012 இல் நிறைவுபெற்ற மேல் கொத்மலைத் திட்டத்தால் தலவாக்கலையின் முகமே மாறிப்போனதை நாம் கண்முன் கண்டோம். 2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களையே மூடியது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு வந்த மண்சரிவுகளை நுவரெலியா, பதுளை, கண்டி மாவட்டங்கள் மறக்கப்போவதில்லை. இப்படியான வேளையில் உயிர் பிழைத்து ஓடிவருபவர் கையில் அல்பம் இருக்காது. ஒரே இடத்தில் ஒரே பிரதியாக இருக்கும் எதுவும் பத்திரமானதல்ல.

நீங்களும் செய்யலாம்

வாசகிகளே, இதற்கு விலை உயர்ந்த கமரா தேவையில்லை. வீட்டில் ஒரு கைத்தொலைபேசி இருந்தால் போதும். என் அனுபவத்தில் கற்றவற்றைச் சொல்கிறேன்:

• கண்ணாடியில் ஒட்டிய படத்தை ஒருபோதும் இழுக்காதீர்கள். கண்ணாடியோடு வைத்தே பிரதி எடுங்கள்.

• பிரதி எடுக்கும்போது பிளாஷ் வேண்டாம். வாசலருகே, வெயில் நேரே விழாத வெளிச்சத்தில் வைத்து எடுத்தால் எதிரொளி விழாது.

• படத்தின் பின்புறம் ஓரத்தில் பென்சிலால் மெதுவாக எழுதுங்கள். இடமிருந்து வலமாகப் பெயர், எடுத்த இடம், ஏறத்தாழ வருஷம், சொன்னவர் யார் என்பன இருக்கட்டும். பேனா மை ஈரத்தில் ஊறும்.

• அடுப்புப் பக்கச் சுவரிலும் ஈரச் சுவரிலும் மாட்டாதீர்கள். மூலப் படத்தை லெமினேற் செய்யாதீர்கள், டேப் ஒட்டாதீர்கள்.

• பிறப்புச் சான்றிதழ், பழைய பாஸ்போட், சம்பளத் துண்டு ஆகியவற்றையும் படமெடுங்கள். மூலப் பத்திரத்துக்கு அது ஈடாகாது. ஆனால் பத்திரம் தொலைந்தால், இலக்கமும் திகதியும் தெரிந்திருப்பது மறுபிரதி கேட்கப் பெரிய உதவி. இவற்றை மட்டும் பிறருக்கு அனுப்பித் திரியாதீர்கள்.

• கேட்காமல் யாரையும் எடுக்காதீர்கள். எப்படி நிற்க வேண்டும், யாருக்குக் காட்டலாம் என்பதை அவரே சொல்லட்டும். பிள்ளைகள் என்றால் தாய் தகப்பனிடம் கேளுங்கள்.

• ஒரே இடத்தை ஒவ்வொரு வருடமும் அதே இடத்தில் நின்று எடுங்கள். ஐந்து வருடத்தில் அதுவே சரித்திரமாகும்.

• ஒரு பிரதி உங்களிடம், ஒன்று வெளியூர்ச் சொந்தக்காரரிடம், ஒன்று பள்ளிக்கூடத்திலோ வாசிகசாலையிலோ இருக்கட்டும்.

மீண்டும் வந்த முகம்

மேட்டு லயம் சென்ற வருடம் உடைக்கப்பட்டது. பாட்டி இப்போது மகனோடு புது வீட்டில் இருக்கிறார். அங்கு சுவரில் ஈரமில்லை.

அக்காவின் படத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். பாட்டியின் டிரங்குப் பெட்டிக்குள் ஒரு பழைய நீலக் கடிதம் இருந்தது. அதில் நீலகிரி விலாசம். தாயகம் திரும்பியவர்களுக்கு வேலை கொடுக்கவென்று தமிழ்நாடு அரசு நீலகிரி மலையில் தொடங்கிய 'டான்டீ' தேயிலைத் தோட்டத்துக்குத்தான் அக்கா குடும்பமும் போயிருந்தது. அங்கும் தேயிலை, அங்கும் லயம். அந்த விலாசத்துக்கு எழுதிய கடிதத்துக்குப் பதில் வரவில்லை. ஆனால் பிள்ளைக் காம்பராவில் படம் பார்க்க வந்த ஒருவருக்குக் கோத்தகிரியில் சொந்தம் இருந்தது. ஒருவர் சொல்லி ஒருவராக, ஐந்து மாதத்தில் அக்காவின் பேரன் கிடைத்தார். அக்கா காலமாகிப் பல வருடங்கள் ஆகியிருந்தன. சேர்ந்து எடுத்த படம் அவர்களிடமும் இல்லை. ஆனால் அக்காவின் பாஸ்போட்டைப் பத்திரமாக வைத்திருந்தார்கள். அதை வெளிச்சத்தில் வைத்துப் படமெடுத்து அனுப்பினார்.

பாட்டியிடம் காட்டினேன். கைத்தொலைபேசியைக் கண்ணருகே கொண்டுபோய் வெகுநேரம் பார்த்தார்.

"அதே சேல. அன்னிக்குக் கட்டிக்கிட்டு வந்த அதே சேலதான் புள்ள."

ஒரே ஸ்டூடியோவில் ஒரே நாளில் எடுத்த இரண்டு படங்கள். ஒன்றில் முகமில்லாத அக்காவும் தங்கச்சியும். மற்றதில் அக்கா மட்டும். இரண்டையும் ஒரே சட்டத்தில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கொடுத்தேன். பின்னால் பென்சிலால் இருவர் பெயரையும் எழுதினேன். பாட்டிக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது. "எது எங்கக்கா பேரு?" என்று கேட்டு அந்த இடத்தை விரலால் தொட்டுப் பார்த்தார்.

உங்கள் வீட்டுச் சுவரிலும் ஒரு படம் இருக்கும். அதில் இருப்பவரின் பெயர் தெரிந்த ஒருவர் இன்று உங்களோடு இருப்பார். அடுத்த போயாவரை காத்திருக்காமல், இன்றைக்கே அவரிடம் போய்க் கேளுங்கள்.